டிரெய்லரைத் தட்டிய கை

1

இந்தக் கதை ஒரு போலீஸ் படிவத்தில் பிறந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை என் மருந்துக் கடைக்கு வந்த ஒரு பெண் கான்ஸ்டபிள், நாலு பக்கத் தாள் ஒன்றைக் கவுண்டரில் வைத்து, "அவசரமில்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாம் பக்கத்தில், 'நீங்கள் கண்டதை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுக' என்று அச்சடித்திருந்தது. கீழே இருபத்திரண்டு கோடுகள்.

பர்ச்சோப் என்கிற இந்த ஊரில் நான் குடியிருப்பதும் இருபத்திரண்டு வருடங்கள். (இதை இட்டுக்கட்டவில்லை, எண்ணிப் பார்த்தேன். சரி, கோடுகள் இருபத்து மூன்று. கணக்குப் பொருந்தட்டும் என்று ஒன்றைக் குறைத்தேன். கதைக்காரன் புத்தி எங்கே போகும்?)

சொந்த வார்த்தைகள் என்றால் எனக்குத் தமிழ்தான். இங்கிலாந்தின் இந்த மேற்கு ஓரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆடும் மழையுமாக இருக்கிற ஊரில், என்னைத் தவிர அதைப் படிக்க ஆளில்லை. அதனால் துணிச்சலாக எழுத உட்கார்ந்தேன்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை, ஊர்த் திருவிழா அன்று காலை, கேரத் பெடோஸ் என்கிற வேலி போடும் தொழிலாளி, ஊர் மன்றத்து டிரெய்லரைத் தன் ஜீப்பில் பூட்டிக்கொண்டு கிளம்பினான். சர்ச் இறக்கத்தில் பாதி வழியில் டிரெய்லர் கழன்றது. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஓல்வென் என்கிற பெண்மணி இறந்துபோனார். அறுபத்தெட்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சமைத்துப் போட்டவர்.

நாலு கோட்டில் முடிந்துவிட்டது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது: 'வண்டி கிளம்பும் முன் யாராவது ஐயம் தெரிவித்தார்களா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கதை எழுதுகிறேன்.

2

எப்படி ஆரம்பிப்பது?

'கேரத் பெடோஸ் ஒரு குடிகாரன் —'

இல்லை. அன்று காலை அவன் குடித்தது இரண்டு கோப்பை தேநீர். குடித்திருந்தான் என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் வசதி. அவனை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ளலாம்.

'அன்று காலையிலிருந்தே ஓல்வென்னுக்கு மனசு ஏதோ சரியில்லாமல் —'

பச்சைப் பொய். ஊரையே திட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். சாகப்போகிற ஆளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று எழுதுவது, சாகடித்தவர்களுக்குச் செய்கிற உதவி.

'எல்லாம் விதி, நாம் என்ன —'

விதியாவது மண்ணாவது. இதற்கு ஒரு அரசாணை இருக்கிறது, தேதி இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் டெலித்.

3

டெலித் ப்ராஸர் ஓட்டுநர் தேர்வு அதிகாரி. ஐம்பத்தாறு வயது. விமானம் இறங்குவதை நிறுத்தி எழுபது வருடமான ஒரு பழைய விமானத் தளத்தில், மழைச்சட்டை போட்டுக்கொண்டு, டிரெய்லர் இழுக்க உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வேலையில் ஒரே ஒரு நிமிடம்தான் முக்கியம். ரிவர்ஸ் அல்ல, திருப்பம் அல்ல. டிரெய்லரைக் கழற்றி, மறுபடி பூட்டுகிற நிமிடம்.

வண்டியின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். டிரெய்லரின் மூக்கில் ஒரு கிண்ணம். கிண்ணம் குண்டின்மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். உட்காருவது வேறு, பூட்டிக்கொள்வது வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் மூக்குக்கு அடியில் உள்ள சின்னச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி, மூக்கை உயர்த்திப் பார்க்க வேண்டும். பூட்டியிருந்தால் வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பும். பூட்டவில்லையென்றால் கிண்ணம் மட்டும் கழன்று மேலே வரும். பத்து வினாடி வேலை.*

* இன்னொன்றும் உண்டு. ஒரு மெல்லிய கம்பி. டிரெய்லர் கழன்றாலும், இந்தக் கம்பி இழுபட்டு அதன் பிரேக்கைப் போட்டுவிடும். இதை வண்டிக்கு அடியில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். குனியச் சோம்பல்பட்டுப் பலர் அதை அந்தக் குண்டின் கழுத்திலேயே மாலை போலப் போட்டுவிடுவார்கள். கிண்ணம் கழன்றால் மாலையும் கூடவே கழன்று வந்துவிடும். பிரேக்காவது, ஒன்றாவது.

2021 மே மாதம் கேரத் முதல் முறை வந்தான். கம்பியை மாலையாகப் போட்டான். தோற்றான். ஆகஸ்டில் மறுபடி வந்தான். இந்த முறை கம்பியைச் சரியாக மாட்டினான். மூக்கை உயர்த்திப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக டிரெய்லரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "இது எங்கயும் போவாது" என்றான்.

இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. இந்தப் பக்கத்து ஆண்கள் எல்லாரும் செய்வதுதான். வண்டிக் கூரையில் அலமாரியைக் கட்டினாலும், டிரெய்லரில் வைக்கோல் ஏற்றினாலும், கடைசியில் இரண்டு தட்டு, ஒரு வசனம். அதைச் சொல்லாமல் யாரும் ஏறி உட்கார மாட்டார்கள். நம் ஊரில் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றுகிறோமே, அந்த மாதிரி.

டெலித் தாளில் எழுதினாள். ஓட்டி முடித்து வந்ததும் சொன்னாள்.

"இந்தத் தடவையும் இல்ல, கேரத்."

"ஏங்க? ரிவர்ஸ் நூல் புடிச்ச மாதிரி போட்டேனே!"

"ரிவர்ஸ் நல்லாத்தான் போட்டீங்க. மூக்கத் தூக்கிப் பாக்கல."

"அதான் தட்டிப் பாத்தேனே."

"தட்டினா அதுக்கு என்ன தெரியும்? அது என்ன மாடா?"

கேரத் சிரித்துவிட்டான். நல்ல பையன், கோபம் வராது. "எங்கப்பா நாப்பது வருஷமா தட்டிட்டுத்தான் போறாரு" என்றான்.

"உங்கப்பா நாப்பது வருஷமா தப்பிச்சிட்டிருக்காரு" என்றாள் டெலித்.

4

[இந்தப் பகுதியில் கதை இல்லை. எரிச்சல்தான் இருக்கிறது. கதை மட்டும் போதும் என்பவர்கள் ஐந்துக்குத் தாவலாம். ஆனால் தாவாதீர்கள்.]

அந்த இலையுதிர் காலத்தில் நாட்டில் லாரி ஓட்ட ஆளில்லாமல் போனது. கடை அலமாரிகள் காலி. பெட்ரோலுக்கு வரிசை. என் கடைக்கே மருந்து வரவில்லை. லாரி ஓட்டுநர்களைச் சோதிக்க அதிகாரிகள் போதவில்லை என்றார்கள். அதற்கு அரசாங்கம் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? டிரெய்லர் சோதனையையே ஒழித்துவிட்டார்கள். சோதிக்கிற டெலித்களை லாரிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் நடுவிலிருந்து, கார் உரிமம் உள்ள எல்லாரும் மூன்றரை டன் வரைக்கும் டிரெய்லர் இழுக்கலாம்.

எல்லாரும் என்றால், தோற்றவர்களும் சேர்த்துத்தான்.

ஆகஸ்டில் உனக்குத் தெரியவில்லை என்று கையெழுத்துப் போட்டுச் சொன்ன அதே அரசாங்கம், டிசம்பரில் உனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டது. நடுவில் கேரத் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. காலண்டரில் நாலு தாள் கிழிந்தது, அவ்வளவுதான். 'பயிற்சி எடுத்துக்கொள்வதைப் பரிந்துரைக்கிறோம்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பரிந்துரைக்கிறார்களாம்!

நான் மருந்தாளன். தலைவலி மாத்திரை இரண்டு பெட்டிக்கு மேல் கேட்டால் நான் கொடுக்கக் கூடாது. ஒரு சீட்டுக்கு மருந்து எடுத்தால், எடுத்த கை ஒன்று, சரிபார்த்த கை இன்னொன்று, இரண்டு பேரும் சுருக்கொப்பம் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாகப் போடுகிறேன், மருந்து எனக்கு மனப்பாடம், இருந்தும் போடுகிறேன். ஒருநாள் கூட எவனும் வந்து, சோதனை வேண்டாம், சரிபார்ப்பதைப் பரிந்துரைக்கிறோம் என்று சொல்லவில்லை. ஒரு டன் இரும்பையும் மரத்தையும் குழந்தைகள் நடக்கிற தெருவில் இழுத்துப் போவதற்கு மட்டும் யார் கண்ணும் தேவையில்லையா?

(நியாயத்துக்குச் சொல்கிறேன். சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருந்து பிழைப்புக் கெட்டவர்கள் உண்டு. 1997க்கு முன்னால் உரிமம் வாங்கிய கேரத்தின் அப்பா வகையறாக்கள் சோதனையே இல்லாமல் ஆயுசு முழுக்க இழுத்தவர்கள், அவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்லவில்லை. பாஸ் செய்தவனும் ஒருநாள் மறக்கலாம். இதையெல்லாம் டெலித்திடம் சொன்னேன். "மறப்பான். ஆனா எதை மறந்தோம்னாவது அவனுக்குத் தெரியும்" என்றாள்.)

அந்த டிசம்பரில் மதுக்கடையில் கேரத் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினான்: "டெலித்! உன்னவிடப் பெரிய அதிகாரி என்ன பாஸ் பண்ணிட்டாரு!" கடையே சிரித்தது. டெலித் மட்டும் சிரிக்கவில்லை என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். பொய். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் அங்கே உட்கார முடியாது.

5

டெலித்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவளைப் பற்றியல்ல, நான் எழுதுகிற அவளைப் பற்றி.

கோபப்படுகிற ஒரு பெண்ணை எழுதும்போது என் கை தானாகவே அவளுக்கு ஒரு குறையைக் கொடுக்கப் பார்க்கிறது. முதல் வரைவில் அவள் தனியாக வாழ்ந்தாள். ஒரு பூனை வேறு வளர்த்தாள். விதிமுறை பேசுகிறவள் வாழ்க்கையில் ஏதோ கசந்துபோனவள் என்று படிக்கிறவர் தலையாட்டட்டும் என்ற எண்ணம். நிஜத்தில் அவளுக்குக் குழாய் வேலை பார்க்கிற ஒரு கணவன், இரண்டு தடிப் பையன்கள். நிம்மதியான பெண். அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்பதைத் தவிர அவளிடம் ஒரு குறையும் இல்லை.

கணவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பூனையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் பாதிரியாரையும் பால்காரரையும் ஒரே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது. விமானத் தளத்தில் கேரத் அவளிடம் 'ஏங்க' என்றதும், மதுக்கடையில் 'உன்னவிட' என்றதும் நான் வைத்தது. ஆனால் அப்படித்தான் என் காதில் விழுந்தது. சோதனை போனதும் அந்த 'ங்க'வும் போய்விட்டது.

6

இனி அந்தக் காலை. டெலித்தின் பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

மன்றத்து டிரெய்லர் ஊருக்குப் பொது. வேண்டியவர் எடுத்துப்போகலாம், வாசலில் தொங்கும் நோட்டில் பெயர் எழுதினால் போதும். அன்று அதில் திருவிழாக் கூடாரம், இரும்புக் கால்கள், ஐம்பது மடக்கு நாற்காலி, ஓல்வென்னின் கேக் மேசைகள். டெலித் கடைசி நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மன்றத்து யார்டுக்கு வந்தபோது, கேரத் பூட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். சின்னச் சக்கரத்தை ஏற்கனவே மேலே சுற்றிவிட்டிருந்தான், மூக்கைத் தூக்கிப் பார்த்தானா என்று இனி அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"கேரத், ரெண்டு மணிக்கு மழைங்கறான்" என்றார் ஓல்வென். தோளில் தோரணக் கொடிகள் சுருளாகத் தொங்கின. "பன்னண்டுக்குள்ள கூடாரம் நிக்கலன்னா என் கேக்கெல்லாம் கஞ்சியாயிரும்."

"உன் கேக்கு மழைல கரையுமா ஓல்வென்? போன வருஷம் ஒண்ண வச்சுத்தான கதவுக்கு முட்டுக் குடுத்தோம்!"

"சிரிடா சிரி. சாயங்காலம் மூணாவது துண்டுக்குக் கைய நீட்டுவல்ல, அப்ப வச்சுக்கறேன் உன்ன."

"சரி சரி, ஏறு. எறக்கி விட்டுடறேன்."

"ஏறவா? உன் ஜீப்புக்குள்ள ஆட்டு நாத்தம் கொடலப் புடுங்குது. எறக்கம்தான, நடந்தே போயிருவேன்."

ஓல்வென் வாசலைப் பார்த்து நடந்தார். கேரத் ஜீப்பில் ஏறி இஞ்சினைப் போட்டான்.

டெலித் நாற்காலிகளைக் கட்டிவைத்துவிட்டுத் திரும்பினாள். அப்போதுதான் கம்பியைப் பார்த்தாள். குண்டின் கழுத்தில், மாலையாக. கம்பியை இப்படிப் போட்டவன் மூக்கைத் தூக்கிப் பார்த்திருப்பானா? சுற்றிலும் பத்துப் பேர். அவள் இப்போது லாரி அதிகாரி. இது சனிக்கிழமை. இது அவள் வேலை இல்லை. இருந்தும் வாயைத் திறந்தாள்.

அதற்குள் யாரோ ஒருவர் டிரெய்லரை இரண்டு தட்டுத் தட்டி, "இது எங்கயும் போவாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜீப் நகர்ந்தது.

7

இறக்கத்தில் நடந்ததை எழுத மாட்டேன். நான் பார்க்கவும் இல்லை. சத்தம்தான் கேட்டது. அதையும் எழுத மாட்டேன்.

அதற்கு அப்புறம் நடந்ததை எழுதலாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூன்றாம் நாளே என் கவுண்டருக்கு முன்னால் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"எக்ஸாமினர் பக்கத்துலயே நின்னாளாமே."

"நின்னாளா! கல்லு மாதிரி நின்னா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அவளுக்குத் தன் பரீட்சைய எடுத்துட்டாங்கன்னு கடுப்பு. என்னமோ ஆகட்டும்னு விட்டுட்டா."

இதைச் சொன்ன பெண்மணிக்கு நான் ரத்த அழுத்த மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். சட்டம் போட்டவன் தலைநகரத்தில் சௌக்கியமாக இருக்கிறான். அவன் பெயர்கூட இவர்களுக்குத் தெரியாது. கண்ணெதிரே கிடைத்தது, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்த ஒருத்திதான். அவள் தலையில் போட்டாயிற்று.

கேரத் வந்தது இரண்டாவது வாரத்தில், தூக்க மருந்துச் சீட்டோடு. ஆள் பாதியாக இளைத்திருந்தான். நான் எடுத்தேன், உதவியாளர் சரிபார்த்தாள், இருவரும் சுருக்கொப்பம் போட்டோம். அவன் அந்த இரண்டு கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சன்னி" என்றான். (சௌந்தரராஜன் என்ற என் பெயர் இவர்கள் வாயில் சன்னி.) "என்ன ஃபெயிலாவே விட்டிருக்கலாம்ல?"

"கேரத்..."

"ரெண்டு தடவ சொன்னா அவ. அன்னைக்கு மூணாவது தடவ சொல்லியிருந்தா நான் எறங்கியிருப்பேன். சத்தியமா எறங்கியிருப்பேன். ஏன் சொல்லாம வுட்டா?"

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. நான் பையை மடித்து நீட்டினேன். "படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு" என்றேன்.

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: டெலித் சத்தமாகக் கேட்கிறாள். கேரத் முணுமுணுத்துக்கொண்டே இறங்குகிறான், கைப்பிடியைச் சுற்றுகிறான். கிண்ணம் மட்டும் தனியாக எழும்புகிறது. யார்டே 'ஓ' என்று கத்துகிறது. "மூணாவது தடவையும் ஃபெயில்!" என்கிறார் ஓல்வென். மழை ஒன்றரைக்கே வந்து கேக் எல்லாம் கஞ்சியாகிறது. இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை ஏழு தடவை எழுதிப் பார்த்தேன்.

இரண்டாவது: டிரெய்லர் கழன்று வேலிக்குள் போய் நிற்கிறது. ஓர் ஆட்டுக்கு மட்டும் அதிர்ச்சி. எல்லாரும் பாடம் கற்கிறார்கள் —

தூ. யாரும் கற்க மாட்டார்கள். வேலிக்குள் போய் நின்ற டிரெய்லர்கள் நாட்டில் எத்தனையோ. அவையெல்லாம் மதுக்கடையில் சிரிப்புக் கதையாகிவிட்டன.

மூன்றாவது: விசாரணை மன்றம். டெலித் எழுந்து நின்று சட்டத்தைக் கிழி கிழி என்று கிழிக்கிறாள். அரசாங்கம் தலைகுனிந்து —

இதைப் பூனைகூட நம்பாது.

9

வியாழக்கிழமை மதியம், கடை மூடியிருக்கும் ஒரு மணி நேரத்தில், டெலித்தைக் கூப்பிட்டுப் பின்னறையில் உட்கார வைத்தேன். தேநீர் போட்டேன். எழுதியதை வரி வரியாக இங்கிலீஷில் சொன்னேன். அவளைப் பற்றியது, அவளிடம் காட்டாமல் இருப்பது நியாயமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்காதீர்கள். 'நல்லா எழுதியிருக்க' என்பதைத்தான்.

எட்டாம் பகுதி முடிந்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஏது பூன?"

"அது சும்மா..."

"பூன பக்கத்துல வந்தாலே எனக்குத் தும்மல் நிக்காது. நீதான மாத்திர குடுக்கற!"

"எடுத்துடறேன்."

"எடு. அப்பறம் ஆறாவது. அதுல 'யாரோ ஒருவர்'னு சொன்னியே. அது யாரு, சன்னி?"

நான் தேநீரைக் கலக்கினேன். சர்க்கரை போடாத தேநீர். "கதைல அது அவ்வளவு முக்கியமில்ல" என்றேன்.

"எனக்கு முக்கியம். 'வாயத் தெறந்தாள்'னு நிறுத்திட்ட. நான் வாய மட்டுமா தெறந்தேன்?"

"இல்ல."

"என்ன சொன்னேன்?"

"'கேரத், ஒரு நிமிஷம், அந்த மூக்கத் தூக்கிப் பாத்தியா'ன்னு."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. உன் பக்கத்துலதான நின்னேன்."

"அப்பறம் ஏன் தட்டுன?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் எட்டுப் பகுதி சோறு வடித்து மறைத்துப் பார்த்தேன்.

ஏன் தட்டினேன்? பத்துப் பேர் முன்னால் கேரத்துக்கு முகம் சுருங்கிவிடக் கூடாதே என்று. டெலித் மறுபடி பரீட்சை வைக்கிறாளே, திருவிழா நேரத்தில் ஒரு மனக்கசப்பு எதற்கு என்று. அதெல்லாம் பாதிதான். மீதி இது: இருபத்திரண்டு வருடமாக இவர்கள் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நான் ஒருநாளும் தட்டியதில்லை. அன்று கை ஓங்கி இருந்தது, வசனம் நாக்கில் இருந்தது, சரியான நேரமாக இருந்தது. தட்டினேன். சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், கேரத் கண்ணாடியில் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டினார் ஓல்வென். அந்த ஒரு நொடி நான் இந்த ஊர்க்காரனாக இருந்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

இதை அவளிடம் முழுசாகச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நான் மறுபடி சொல்லியிருக்கணும்" என்றாள். "சிரிப்பு வந்ததும் என் சத்தம் போயிடுச்சு. எல்லாரும் சிரிக்கறப்ப மறுபடி கேக்கறது இந்த ஊர்ல மகா பாவம்." மேசையை விரலால் குத்தினாள். "அதுக்குத்தான் ஒரு பரீட்ச வேணும்கறேன். எங்க ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேக்க மாட்டோம் சன்னி, செத்தாலும் கேக்க மாட்டோம். பரீட்சைல கேக்கலாம். அங்க கேட்டா எவனுக்கும் கோவம் வராது, ஏன்னா அது என் வேல. நாட்டுலயே கேள்வி கேக்கறதுக்குன்னு இருந்தது அந்த ஒரு எடம். அதையும் மூடிட்டானுங்க."

எழுந்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று, "அந்த மூணாம் பக்கக் கேள்வி எனக்கும் வந்துச்சு" என்றாள். "ஆம்னு போட்டேன். ஊர்ல யாரும் நம்பல."

10

இன்று வெள்ளிக்கிழமை. படிவத்தை நிரப்பிவிட்டேன், இங்கிலீஷில், இருபத்து மூன்று கோட்டிலும். மூன்றாம் பக்கத்தில் 'ஆம்' கட்டத்தில் குறி போட்டேன். யார், என்ன சொன்னார், அதைக் கேட்டும் கெடுத்தது யார் என்று எழுதினேன். தட்டிய கையாலேயே கையெழுத்துப் போட்டேன். மதியம் அந்தக் கான்ஸ்டபிள் வந்து வாங்கிக்கொள்வாள். அதற்கு முன் கேரத்திடம் போய் நேரில் சொல்ல வேண்டும். அவன் வீட்டுக்குப் பத்து நிமிட நடை, சர்ச் இறக்கம் வழியாக.

படிவம் முடிந்தது. கதையை என்னால் முடிக்க முடியாது. முடிக்கிற உரிமை எனக்கு இல்லை. அந்த இடத்தில் நான் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியும், செய்துவிட்டேன்.

அதனால் உங்களைக் கூட்டிப்போய் அங்கே நிறுத்துகிறேன். மன்றத்து யார்டு. காலை பதினொன்று. வெயில் அடிக்கிறது, மழை இன்னும் தூரத்தில். கேரத் ஜீப்பில். இஞ்சின் ஓடுகிறது. கம்பி குண்டின் கழுத்தில் மாலையாக. டெலித் கேட்டுவிட்டாள்: "கேரத், ஒரு நிமிஷம், அந்த மூக்கத் தூக்கிப் பாத்தியா?" அவனுக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டது. பத்துப் பேர் உங்களைப் பார்க்கிறார்கள், ஒரு சிரிப்புக்குத் தயாராக. உங்கள் கை டிரெய்லருக்குப் பக்கத்தில் ஓங்கியிருக்கிறது.

பத்து வினாடி போதும். ஓல்வென் இப்போதுதான் வாசலைத் தாண்டுகிறார்.